குளிர்கால வெயிலுக்கு வீட்டு நினைவு சாட்சியாகுமா?

தெற்குச்சன்னல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குத் தெற்கே இதுவரை தாழ்ந்த கிடங்கு ஒன்று மட்டுமே இருந்த மனையில் ஒன்பது மாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று உள்ளாட்சி மன்றம் அறிவிப்பும் ஒட்டியிருக்கிறது. விண்ணப்பக் கோப்பை மன்ற அலுவலகத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். நிழல் விழும் விதத்தைக் காட்டும் வரைபடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று மார்ச் 21 நண்பகலுக்கு உரியது, மற்றொன்று ஜூன் 21 நண்பகலுக்கு உரியது. இரண்டிலும் நிழல் எங்கள் சுவரை எட்டாமலேயே நின்றுவிடுகிறது. டிசம்பருக்கு வரைபடம் எதுவும் இல்லை.

என் தந்தை படவரைவாளராக வேலை பார்த்தவர். ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, கூடத்தின் தெற்குச் சன்னல் வழியாக வரும் வெயிலின் மேல்விளிம்பு எதிர்ச்சுவரில் எங்கே விழுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். கடிகாரத்தைப் பார்த்து வைக்கமாட்டார். சுவரில் நண்பகலைக் குறிக்கும் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போட்டிருந்தார். சன்னலின் நடுக்கம்பியின் நிழல் நகர்ந்து வந்து அந்தக் கோட்டின் மேல் சரியாகப் படியும் வரை பென்சிலோடு காத்திருப்பார். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே இடத்தில் புள்ளி விழுந்ததால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து கறுத்துவிட்டன. அதனால் பக்கத்தில் ஒரு பட்டியல் போல ஆண்டுகளை எழுதி வந்தார். வெயில் வராத ஆண்டுகளுக்கு எதிரே ‘மேகம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவர் காலமான பிறகு அம்மா அதைத் தொடர்கிறார். பட்டியலின் கடைசிப் பகுதியில் கையெழுத்து மாறியிருப்பது தெளிவாகத் தெரியும். சுவருக்குப் பலமுறை வெள்ளையடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியே ஆளை அனுப்பினோம்.

நான் கேட்க விரும்புவது இதுதான். கட்டட உயரம், வீடுகளின் எண்ணிக்கை, வாகன நிறுத்தம் என்று எண்களால் பேசும் ஒரு மன்றத்தில், இப்படிப்பட்ட குடும்ப நினைவைக் கொண்டுபோய் வைப்பதில் பொருள் உண்டா? அல்லது முதிய தாயை முன்னிறுத்தி அனுதாபம் தேடுகிறான் என்று எடுத்துக்கொள்வார்களா?

நிழலளவு:

ஐயா, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் தந்தை செய்திருப்பதைப் படித்ததும் எழுந்து நின்று வணங்கத் தோன்றியது. அதை நினைவு என்று சொல்லிக் குறைக்காதீர்கள், அது அளவீடு.

முதலில் அந்த மார்ச் 21 வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், வட அரைக்கோளத்தில் நண்பகல் சூரியனின் ஏற்றக்கோணம் (அடிவானத்தில் இருந்து அது நிற்கும் கோணம்) மார்ச் 21 அளவில் 90 பாகையில் இருந்து அட்சரேகையைக் கழித்தால் கிடைப்பதாகும். டிசம்பர் 21 அல்லது 22 அன்று அதிலிருந்து இன்னும் 23.4 பாகை குறைந்துவிடும். பத்து மீட்டர் உயரமுள்ள சுவர் ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். டோக்கியோவில் அதன் நண்பகல் நிழல் மார்ச்சில் 7 மீட்டரை ஒட்டியும், டிசம்பரில் 17 மீட்டரை ஒட்டியும் இருக்கும். லண்டனில் அதே சுவர் மார்ச்சில் சுமார் 13 மீட்டரும் டிசம்பரில் சுமார் 37 மீட்டரும் நிழல் தரும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பவருக்கு டிசம்பரிலும் ஏழரை மீட்டரைத் தாண்டாது என்பதால், வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் வேகம் முதலில் புரியாது. ஆகவே மார்ச்சையும் ஜூனையும் காட்டிவிட்டு டிசம்பரை விட்டுவிடுவது பொய் சொல்வதாகாது என்றாலும், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் பழைய உத்தி அது.

இப்போது தங்கள் சுவருக்கு வருகிறேன். சன்னல் மேல்விளிம்பின் உயரத்தில் இருந்து புள்ளியின் உயரத்தைக் கழித்து, வெயில் வரும் திசையில் சன்னலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், அன்றைய சூரியனின் ஏற்றக்கோணத்துக்குரிய டேன் மதிப்பு கிடைக்கும். அந்தக் கோணம் தங்கள் ஊரின் அட்சரேகையோடு பொருந்தினால், புள்ளி உண்மையான வெயிலைப் பார்த்து வைக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதைவிட முக்கியமாக, அந்தக் கோணத்துக்கு மேல் எழுந்து நின்ற எந்தத் தடையும் அந்த ஆண்டுகளில் தெற்கே இருந்திருக்க முடியாது என்பதும் அதிலேயே நிரூபணமாகிவிடும். அளவு நாடா ஒன்றும் தூக்குக்குண்டு ஒன்றும் இருந்தால் போதும், அளந்து இங்கே எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வாடகை வீட்டில் இருப்பவன். வாடகைதாரரின் குடும்ப நினைவுகள் எந்தச் சுவரிலும் எழுதப்படுவதில்லை, ஏனென்றால் வீட்டைக் காலி செய்யும்போது சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒன்பது மாடி என்றால் பல குடும்பங்கள். அவர்களுக்கும் தாய் தந்தையர் உண்டு, அவர்களும் வெயிலில் உட்காருவார்கள். முன்பே வந்து குடியேறியவர் என்ற ஒரே காரணத்துக்காக வானத்தின் ஒரு துண்டு உங்களுக்குச் சொந்தமாகிவிடுமா?

இது வெறும் வாதத்துக்காகக் கேட்பதல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 1984ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய விதி, 40 அடிக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் நிழல் நகரப் பூங்காக்களின் மேல் விழுவதைக் கட்டுப்படுத்துகிறது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் புதிய குடியிருப்புகளைத் தடுப்பதற்கும் தாமதப்படுத்துவதற்கும் நிழலைக் காரணமாகக் காட்டுகிறார்கள் என்று அங்கே பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. நிழலைப் பற்றிப் பேசுவோர் பலரும் உண்மையில் புதிதாக வருபவர்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது என் அனுபவம். தாங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை.

இரவுப்பணி:

நான் முதியோர் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். அனுதாபம் தேடுவதாக நினைப்பார்களோ என்று தயங்கியிருக்கிறீர்கள், அண்ணா. தாயாரின் உடல்நலத்தைப் பற்றி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சரியானதை எழுதுங்கள்.

இத்தகைய மனுக்களில் வைட்டமின் டி பற்றி எழுதுவது வழக்கம். அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வைட்டமின் தோலில் உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர்களைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். மூடிய சன்னலுக்கு உள்ளே கிடைக்கும் வெயிலால் அந்தப் பயன் இல்லை என்று எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர் சொன்னால் உங்கள் மனு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். வலுவாக நிற்கக்கூடியது வேறு. விளக்குப் போட்ட அறையில் பொதுவாக 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கூட இருக்காது. வெயில் விழும் சன்னலோரத்தில் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். உடலின் நாள்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது அந்தப் பிரகாசமே. வயது கூடக் கூடக் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும் என்பதால், முதியவர்களுக்கு இளைஞர்களைவிட அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் நீங்கும் மனச்சோர்வை நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் மருத்துவ இதழில் விவரித்த பிறகே அது ஒரு நோயாகக் கவனிக்கப்பட்டது. அதுவரை எத்தனை குடும்பங்களில் ‘குளிர் வந்தால் அவள் அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்திருப்பார்கள்! என் பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்ன வாக்கியமும் அதுவே.

தெற்குச்சன்னல்:

> முன்பே வந்து குடியேறியவர் என்ற ஒரே காரணத்துக்காக வானத்தின் ஒரு துண்டு உங்களுக்குச் சொந்தமாகிவிடுமா?

நியாயமான கேள்வி, மூன்றாம்மாடி அவர்களே. கட்டடமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகள் நாளை வீடு தேடும்போது அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் தேடுவார்கள். டிசம்பர் மாதம் என்று ஒன்று இருப்பதையே கோப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம். நிழலளவு ஐயா, ஞாயிற்றுக்கிழமை அளந்து எழுதுகிறேன்.

வழக்குக்கட்டு:

மூன்றாம்மாடி கேட்ட கேள்விக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. இழையைத் தொடங்கியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லவில்லை, ஆகவே பொதுவாகவே எழுதுகிறேன். இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு சன்னல் வழியாக 20 ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் பெற்றவருக்கு அந்த வெளிச்சத்தின் மேல் உரிமை உண்டாகிறது. பழைய கட்டடங்களில் சன்னலுக்குக் கீழே ‘தொன்மை வெளிச்சம்’ என்று பொருள்படும் பலகைகளை மாட்டி வைத்திருப்பது அதனால்தான். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் 15ஆம் பிரிவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே 20 ஆண்டுக் கணக்கை வைத்திருக்கிறது. ஆனால் உரிமையின் அளவு சிறியது. முன்பு கிடைத்த வெளிச்சம் முழுவதையும் கேட்க முடியாது, சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதுமான வெளிச்சம் மிஞ்சினால் வழக்கு நிற்காது என்று அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1904இல் தீர்ப்பளித்தது. அங்கே எண்ணப்படுவது வானத்தில் இருந்து வரும் பொதுவான வெளிச்சமே தவிர நேர்வெயில் அல்ல என்பதையும் கவனியுங்கள். தங்கள் தந்தை குறித்து வைத்திருப்பது நேர்வெயிலை.

அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் இந்தக் கோட்பாட்டையே ஏற்கவில்லை. மயாமி கடற்கரையில் ஃபான்டன்ப்ளோ விடுதி 14 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கியபோது, குளிர்கால மாதங்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் தன் நீச்சல் குளத்தின் மேல் நிழல் விழும் என்று பக்கத்து ஈடன் ராக் விடுதி வழக்குத் தொடுத்தது. 1959இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்து நிலத்தைத் தாண்டி வரும் வெயிலில் யாருக்கும் சட்ட உரிமை இல்லை என்று முடித்துவிட்டது. குளிர்காலத்தில் வெயில் காய்வதற்கென்றே விருந்தினர் வரும் ஊரில் இப்படி ஒரு தீர்ப்பு!

ஜப்பான் வேறு வழியில் போனது. நேர்வெயிலைப் பெறும் நலனைப் பாதுகாக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1972இல் ஏற்றுக்கொண்டது. 1976இல் கட்டடச் சட்டத்திலேயே நிழல் வரம்புகளைச் சேர்த்தார்கள். அந்த வரம்புகளை அளக்கும் நாள் ஆண்டின் மிகக் குறுகிய பகலான குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள், நேரம் காலை 8 முதல் மாலை 4 வரை. வடகோடியில் உள்ள ஹொக்கைடோவுக்கு மட்டும் 9 முதல் 3 வரை. ஆண்டின் மிக மோசமான நாளை அளவுகோலாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு மாறாக, பிரிட்டனில் திட்ட அனுமதிகளுக்குப் பயன்படும் வழிகாட்டி, திறந்தவெளிகளுக்கு மார்ச் 21ஐ எடுத்துக்கொண்டு, பாதிப் பரப்புக்கு இரண்டு மணி நேர வெயில் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 20 ஆண்டு உரிமை என்பது பக்கத்து மனைக்காரருக்கு எதிராக உரிமையியல் நீதிமன்றத்தில் கோருவது. உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி என்பது வேறு. மன்றம் அனுமதித்துவிட்டது என்பதால் உரிமை அழிந்துவிடாது, உரிமை இருக்கிறது என்பதால் மன்றம் மறுத்துவிடவும் மாட்டாது. ஆனால் இரண்டு இடத்திலும் அந்தப் பென்சில் பட்டியல் பயன்படும். 20 ஆண்டுகள் வெளிச்சம் வந்தது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதே இத்தகைய வழக்குகளில் பெரும்பாடு. பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் அண்டை வீட்டாரின் வாக்குமூலங்களையும் தேடி அலைவார்கள். குளிர்கால வெளிச்சத்துக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை. குடும்பங்களிடம் மட்டுமே இருக்கிறது.

மூன்றாம்மாடி:

ஆண்டுகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதலாமே? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் கேட்பார்.

வழக்குக்கட்டு:

கேட்பார். அதற்காகத்தான் ‘மேகம்’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். பிற்பாடு உட்கார்ந்து எழுதுகிறவர் வெற்றிடங்களை விட்டு வைக்கமாட்டார். அந்த நாட்களின் வானிலையைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். கையெழுத்து இடையில் மாறியிருப்பதும், பென்சிலின் அடர்த்தி ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதும் பட்டியலுக்குச் சாதகமானவை. கூடத்தில் எடுத்த குடும்பப் புகைப்படங்களில் தேதி அச்சிடப்பட்டவை இருந்தால் அவற்றையும் தேடி எடுங்கள். பின்னால் இருக்கும் சுவரில் வெயில் விழுந்திருந்தால் அது தனிச் சாட்சி.

முன்னாள்உறுப்பினர்:

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். இரண்டு தவணைகள் உள்ளாட்சி மன்றத்தில் இருந்தவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

கட்டுமான விண்ணப்பங்கள் கோடைக்கு முன்னால் வந்து குவியும். ஆட்சேபணைக் காலம் நீண்ட பகல்களிலேயே முடிந்துவிடும். உறுப்பினர்கள் இடத்தைப் பார்க்கப் போகும்போது எல்லாப் பக்கமும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். நிழல் வந்தால் நல்லதுதானே என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார். அடுத்த டிசம்பரில் மக்கள் புகாரோடு வரும்போது அஸ்திவாரம் முடிந்து இரண்டாம் தளம் எழும்பியிருக்கும். யாரும் திட்டமிட்டு ஏமாற்றுவதில்லை. காலண்டரே அப்படி அமைந்துவிடுகிறது. மன்றக் கூட்டங்களோ மாலையில் நடக்கும். பகல் வெளிச்சத்தைப் பற்றிய முடிவை எல்லோரும் குழல்விளக்கின் கீழ் உட்கார்ந்து எடுப்போம்.

கூட்டத்தில் பேசத் தங்களுக்கு மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ கொடுப்பார்கள். அதற்குள் உறுப்பினர்கள் மனத்தில் முடிவு செய்திருப்பார்கள், ஏனென்றால் கோப்பில் அதிகாரியின் பரிந்துரை முன்பே இருக்கும். ஆகவே பேச்சைவிட மனு முக்கியம், மனுவைவிட அது அதிகாரியிடம் போய்ச் சேரும் நாள் முக்கியம். பரிந்துரை எழுதப்படுவதற்கு முன்னால் கொடுங்கள். டிசம்பர் 21 அன்று காலை 9 முதல் பிற்பகல் 3 வரை மணிக்கு ஒரு நிழல் வரைபடம் வேண்டும் என்று அதில் முதல் கோரிக்கையாக எழுதுங்கள். அதை மறுப்பதற்கு அதிகாரிக்குக் காரணம் கிடைக்காது. தங்கள் வீடு ஒன்றை மட்டும் சொல்லாமல், அதே வரிசையில் எத்தனை வீடுகளின் தெற்குச் சன்னல்கள் மறையும் என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். ‘எதிர்க்கிறேன்’ என்ற சொல்லைத் தவிர்த்து, எதை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். தந்தையாரின் சுவரைப் பற்றி ஒரே பத்தி எழுதி, ஒரு புகைப்படம் இணையுங்கள். அந்தப் பத்திதான் உறுப்பினர்களுக்கு நினைவில் நிற்கும். மற்றவையெல்லாம் அந்தப் பத்தியை அவர்கள் மதிப்பதற்காக.

பள்ளத்தாக்குவாசி:

வெயிலுக்காக உள்ளாட்சி மன்றம் செலவே செய்த கதைகளும் உண்டு. இத்தாலியின் மலைப்பகுதியில் உள்ள விகனெல்லா என்னும் சிற்றூருக்கு நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை நேர்வெயில் கிடையாது. 2006ஆம் ஆண்டு எதிர்மலையில் 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவுள்ள ஆடி ஒன்றை நிறுவி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். நார்வேயின் ர்யூகான் நகரில் குளிர்காலம் ஏறக்குறைய ஆறு மாதங்கள் நிழலிலேயே கழியும். அங்கே ஆலை நடத்திய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம், மக்கள் மலை மேல் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வருவதற்காகவே 1928இல் கம்பிவடப் பாதை அமைத்தது. 2013இல் மலைச்சரிவில் மூன்று ஆடிகள் வைத்தார்கள். அவை சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, நகரச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டருக்கு வெயில் தருகின்றன. அந்தப் பணத்தை வேறு சேவைகளுக்குச் செலவிட்டிருக்கலாம் என்ற எதிர்ப்பும் அங்கே இருந்தது. மலை மறைத்தால் ஊர் கூடி ஆடி வைக்கிறது, கட்டடம் மறைத்தால் வீட்டுக்காரர் தனியே மனு எழுதுகிறார்.

தெற்குச்சன்னல்:

அளந்துவிட்டேன். சன்னலின் மேல்விளிம்பு தரையில் இருந்து 2.10 மீட்டர். புள்ளி 0.50 மீட்டர். கோட்டின் திசையில் சன்னலுக்கும் சுவருக்கும் இடையே 3.80 மீட்டர். கோப்பின்படி புதிய கட்டடம் 27 மீட்டர் உயரம், எங்கள் சன்னலில் இருந்து அதன் முன்சுவர் 30 மீட்டர் தூரத்தில் வருகிறது. எங்கள் தரைமட்டமும் அந்த மனையின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றே.

நிழலளவு:

நன்றி ஐயா. 1.60ஐ 3.80ஆல் வகுத்தால் 0.421, கோணம் 22.8 பாகை. ஊரின் பெயரைத் தாங்கள் மறைத்தாலும் சுவர் சொல்லிவிட்டது, வடக்கே 44 பாகைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இங்கே எழுத வேண்டாம்.

புதிய கட்டடத்தின் உச்சி தங்கள் சன்னலின் மேல்விளிம்பில் இருந்து பார்த்தால் 39.7 பாகையில் நிற்கும். மார்ச் 21 நண்பகல் சூரியன் 46 பாகையில் இருப்பதால் கட்டடத்துக்கு மேலாகவே போய்விடுகிறது, எனவே அவர்களுடைய வரைபடம் சரியானதே. ஆனால் நண்பகல் சூரியன் 39.7 பாகைக்குக் கீழே இருக்கும் காலம் அக்டோபர் 10ஐ ஒட்டித் தொடங்கி மார்ச் 4ஐ ஒட்டி முடிகிறது. ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அந்தச் சன்னலுக்கு நண்பகல் வெயில் இருக்காது. வரைபடத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த தேதி, நிழல் விலகிய பதினேழாவது நாள்!

மாற்று யோசனைக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். குளிர்காலத்தின் கடைக்கோடி நாளிலும் வெயில் வர வேண்டுமானால் தங்களுக்கு நேர் தெற்கே வரும் பகுதி 14.7 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு தளத்துக்கு மூன்று மீட்டர் என்றால் அது நான்கு தளம். ஐந்து தளமாகி 15 மீட்டரானால், சூரியன் டிசம்பர் 10 வாக்கில் மறைந்து ஜனவரி 2 வாக்கில் திரும்பும். அதாவது ஐந்தாவது தளத்தின் விலை சுமார் மூன்று வாரம். இவை நண்பகலுக்கு மட்டும் உரிய கணக்குகள். காலைக்கும் மாலைக்கும் கட்டடத்தின் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம்மாடி:

இப்போது பேசத் தகுந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். நேர் தெற்குப் பகுதியை ஐந்து தளமாக்கி, குறையும் வீடுகளில் கொஞ்சத்தைக் கிழக்குக் கோடியில் ஏற்ற முடியுமானால் புதிதாக வருபவர்களின் இழப்பு மிகவும் குறைந்துவிடும். மூன்று வாரத்தைத் தாங்கள் விட்டுக்கொடுப்பீர்களா? ஆனால் தந்தையார் புள்ளி வைத்த நாள் அந்த மூன்று வாரத்துக்குள்தான் வருகிறது. தெரிந்தே கேட்கிறேன்.

தெற்குச்சன்னல்:

இதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த மூன்று வாரமும் பாதி நாள் மேகம்தானே, பட்டியலைப் பார்” என்றார். பார்த்தேன், கடைசிப் பத்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கு எதிரே ‘மேகம்’. ஐந்து தளம் கட்டிக்கொள்ளட்டும், மேலே வருகிறவர்களுக்கும் சன்னல் தெற்கே இருக்கும்படி கட்டச் சொல் என்றார். ஆகவே மனுவில் ஐந்து தளம் என்றே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். வரிசையில் மறையும் சன்னல்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டோம்.

முன்னாள்உறுப்பினர்:

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் ஐயா, ஐந்து என்று எழுதாதீர்கள். நான்கு என்று எழுதுங்கள், அதற்குக் கணக்கு இருக்கிறது, சுவரும் இருக்கிறது. கட்டுமானத் தரப்பு ஆறு அல்லது ஏழு என்று வந்து நிற்கும். அதிகாரி இருவரையும் உட்கார வைத்துப் பேசும்போது ஐந்தில் முடியும். தொடக்கத்திலேயே ஐந்து என்றால் ஏழில்தான் முடியும். மூன்றாம்மாடி அவர்கள் சொன்ன கிழக்குக் கோடி யோசனையைத் தனித்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள். மனுவை இரண்டு பிரதிகள் எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்ட பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.